மேலே காகிதம், கீழே மண்

எங்கள் வீட்டு ராஜா பொம்மை உடைந்த அன்றுதான் அதன் வயிற்றுக்குள் ஒரு கழித்தல் கணக்கு இருப்பது தெரிந்தது.

நவராத்திரிக்கு இரண்டு நாள் இருந்தது. டிரங்குப் பெட்டியைத் திறந்து கொலுப் பொம்மைகளைத் துடைத்துக்கொண்டிருந்தோம். ராஜாவைச் சாய்ப்பதும் அவர் எழுவதைப் பார்ப்பதுமாக இருந்த என் மகள், தள்ளித் தள்ளி அவரை மேசை விளிம்புக்கே கொண்டுபோய்விட்டாள். விழுந்தால் தானே எழுந்துகொள்வார் என்று நினைத்திருப்பாள். அடிப்பாகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. தலைப்பாகையும் ஒரு காதும் மட்டும் முட்டை ஓடு மாதிரி உள்ளே அமுங்கிப்போயின. டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே வெறும் காலி. சுவர் முழுக்க அடுக்கடுக்காய் ஒட்டிய காகிதம். அதில் ஒரு தாளில், மங்கிய நீல மையில், ஏதோ ஒரு பிள்ளை போட்ட கணக்கு: மேலே ஓர் எண், கீழே ஓர் எண், நடுவே கோடு. விடை இருந்த இடத்தில் பசை காய்ந்து கிடந்தது.

இந்த ராஜாவை எங்கள் அப்பாயி 1958இல், ஊருக்குப் போய்த் திரும்பியபோது, தஞ்சாவூரிலிருந்து பினாங்குக்குக் கப்பலில் கொண்டுவந்தார். ராணியும் கூட வந்தாள். பிறகு அத்தை கல்யாணமாகித் தைப்பிங் போனபோது ராணியும் அவரோடு போய்விட்டாள். அறுபது வருஷத்துக்கு மேலாக எங்கள் வீட்டில் இருப்பவர் ராஜா மட்டும்தான். அவர் காலியான ஆள் என்று அதுவரை யாருக்கும் தெரியாது.

தலையாட்டி பொம்மை என்று ஒரே பெயரில் நாம் சொல்வது இரண்டு வேறு வேறு இயந்திரங்களை. ஒன்று நடன மங்கை. பாவாடை, உடல், தலை எல்லாம் தனித்தனித் துண்டு. ஒன்றின் மேல் ஒன்று கம்பி முனையில் உட்கார்ந்திருக்கும். மின்விசிறிக் காற்று பட்டாலே தலை ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம் போகும். தலைவர் சொல்வதற்கெல்லாம் ஆமாம் போடுகிறவரைத் தஞ்சாவூர் பொம்மை என்கிறோமே, அந்தக் கேலி இவளைப் பார்த்து வந்தது. மற்றது எங்கள் ராஜாவின் ரகம். துண்டும் கிடையாது, கம்பியும் கிடையாது. உடம்பு முழுக்க ஒன்று, அடி மட்டும் கிண்ணம் போல உருண்டை. இவர் எதற்கும் ஆமாம் போடுகிறவர் இல்லை. படுக்க மாட்டேன் என்பது ஒன்றுதான் அவர் பேச்சு.

இரண்டுக்கும் சாவி கிடையாது, சுருள்வில் கிடையாது, பேட்டரி கிடையாது. புவியீர்ப்பு இழுக்கிறது, பொம்மை ஆடுகிறது. இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தில் (ஆட்சி 1798–1832) இந்தக் கலை தொடங்கியது என்று தஞ்சையில் சொல்வார்கள். அவர் சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்தவர், அச்சுக்கூடம் வைத்தவர், கண் வைத்தியத்தில் ஈடுபட்டவர். ஊரில் நல்லதாக எது இருந்தாலும் அவர் கணக்கில் எழுதிவிடுவது அங்கே வழக்கம். பொம்மையையும் எழுதிவிட்டார்கள்.

செய்யும் இடம் தஞ்சை நகரமும் பக்கத்துப் புன்னைநல்லூரும். மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் வாசல் கடையில் ஒரு ராஜா ராணி வாங்காமல் திரும்புவது கடினம். கையால் செய்வதில் முதல் சாமான் அச்சு. முன்பக்கத்துக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று. பழைய காகிதத்தை ஊறவைத்துப் பசை தடவி, அச்சுக்குள் ஒரு தாள் மேல் ஒரு தாளாக விரலால் அழுத்தி ஒட்டுவார்கள். மூக்கின் குழியிலும் மீசையின் மடிப்பிலும் தாள் உட்கார்ந்தால்தான் முகம் வரும். வெயிலில் காய்ந்ததும் இரண்டு பாதியையும் உருவி ஒன்றாக ஒட்டுவார்கள். அடியில் களிமண்ணை உருண்டையாக அடைப்பார்கள். அதற்கு மேல் வெள்ளைப் பூச்சு, தேய்ப்பு, வண்ணம், கண். கண் எழுதுவது எப்போதும் கடைசி.

பசை மரவள்ளிக்கிழங்கு மாவில் காய்ச்சியது. பூச்சி அரிக்காமல் இருக்க அதில் கொஞ்சம் மயில்துத்தம் கலப்பார்கள். இதை யாரோ சொல்லக் கேட்ட அப்பாயி வாயைக் கோணினாராம். ஜப்பான்காரன் காலத்தில், அதாவது 1941 டிசம்பரிலிருந்து 1945 வரை, பினாங்கில் அரிசி இல்லாமல் மரவள்ளியைத் தின்றே பிழைத்தவர் அவர். “அந்தக் கெழங்க கண்ணுல காட்டாதீங்கடா. ராஜா ஒடம்புலயுமா?” என்று கேட்டதாக அப்பா சொல்வார். ஆனால் அந்தக் கிழங்கும் துத்தமும்தான் இந்த ஊர்க் கரப்பானிடமிருந்து ராஜாவை இத்தனை காலம் காப்பாற்றியிருக்கின்றன.

ராஜா வந்த வழி இது: தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் வழியாக நாகப்பட்டினம் வரை மீட்டர்கேஜ் ரயில். நாகப்பட்டினத்தில் கப்பல் கரையோரம் அணையாது, கடலில் தள்ளி நிற்கும். படகில் போய் ஏற வேண்டும். கப்பலின் பெயர் ராஜுலா. 1926இல் ஸ்காட்லாந்தில் கட்டியது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று அதே தடத்தில் பல பத்தாண்டுகள் ஓடி, 1974இல் உடைபட்டது. மலேசியத் தமிழர் வீடுகளில் ராஜுலாவில் வந்த ஒரு பித்தளைக் குடமாவது இருக்கும். எங்கள் வீட்டில் ராஜா.

அப்பாயியின் பயணக் கதையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. மேல்தட்டில் பாயை விரித்து உட்கார்ந்ததும் மூட்டையிலிருந்து ராஜாவை எடுத்துத் தகரப் பெட்டி மேல் வைத்துக்கொள்வார். கப்பல் சாய்ந்தால் பெட்டி சாயும், ராஜா அதைவிட அதிகமாகச் சாய்வார். கப்பல் நிமிர்ந்தால் அவரும் ஆடி ஆடி நிமிர்ந்துகொள்வார். அவர் மெல்ல ஆடினால் அன்றைக்குச் சோறு. தலைப்பாகை பெட்டியைத் தொடுகிற அளவுக்கு ஆடினால் எலுமிச்சம்பழம் மட்டும். கடல் எப்படி இருக்கிறது என்று மாலுமியைக் கேட்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. யோசித்தால், கப்பலே ஒரு தலையாட்டிதான். அடித்தளத்தில் பாரத்தை ஏற்றாமல் எந்தக் கப்பலும் கடலுக்குள் போவதில்லை. ஒரே விதியில் வேலை செய்யும் பெரிய பொம்மை, சின்னப் பொம்மையைச் சுமந்துகொண்டு வங்கக் கடலைத் தாண்டியிருக்கிறது.

பினாங்கில் ராஜா இறங்கியது மார்க்கெட் தெருவை ஒட்டிய ஒரு கடைவீட்டு மாடியில். குவீன் தெரு மாரியம்மன் கோயில் (1833இல் எழுந்தது) நாதஸ்வரம் அங்கே கேட்கும். நாற்பது நவராத்திரி அந்த மாடியில் நடந்தது. பிறகு 2000 ஜனவரி 1ஆம் தேதியோடு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போனது. வாடகை ஏறியது. தெருவில் பாதிப் பேரைப் போல நாங்களும் சாமான் கட்டினோம். ராஜா ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிக்கு லாரியில் போனார். 2008 ஜூலை 7இல் ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. தஞ்சாவூர் பொம்மைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் 2008–09இல்தான். ராஜா தங்கியிருந்த தெருவுக்கும் ராஜாவுக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பட்டயம் கிடைத்தது. அப்போது அவர் அந்தத் தெருவில் இல்லை.

உடைந்த கதைக்கு வருகிறேன். கொலுவுக்குள் சரிசெய்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் நான் செய்தது முட்டாள்தனம். ஹார்டுவேர் கடையில் வெள்ளைச் சிமெண்டு வாங்கி, பள்ளத்துக்குள் துணியை அடைத்து, அதன் மேல் கெட்டியாகப் பூசித் தலைப்பாகை பிடித்தேன். பார்க்க நன்றாகவே வந்தது. காய்ந்ததும் மேசையில் நிறுத்தினேன். ராஜா நிதானமாகச் சாய்ந்து, தலையை மேசையில் வைத்துப் படுத்துக்கொண்டார். தூக்கி நிறுத்தினேன். மறுபடி படுத்தார். அறுபது வருஷமாகப் படுக்காதவர்.

வர்ணம் வாங்க டவுனுக்குப் போனபோது அவரையும் பையில் எடுத்துப் போனேன். எங்கள் பழைய வீட்டுக்கு இரண்டு கடை தள்ளி ஒரு சீன மருந்துக்கடை இன்னும் இருக்கிறது. பெரியவர் என்னைச் சின்ன வயதிலிருந்து அறிந்தவர். எங்களுக்குள் பேச்சு எப்போதும் சந்தை மலாயில்தான். ராஜாவைக் கண்ணாடி மேசையில் வைத்தேன். அவர் படுத்தார். பெரியவர் ஒரு விரலால் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “கெப்பாலா பெராட், லா” என்றார். தலை கனம். பிறகு அலமாரியின் மேல் தட்டிலிருந்து வண்ணம் போன ஒரு கிழவரை எடுத்து வைத்தார். குண்டு வயிறு, வெள்ளைத் தாடி, காகித உடம்பு, மண் அடி. அவர்கள் ஹொக்கியனில் அதற்குப் பெயர் புத்-தோ-ஓங், விழாத கிழவர். தட்டினார். கிழவர் ஆடி ஆடி நிமிர்ந்தார். எங்கள் ராஜா பக்கத்தில் படுத்திருந்தார். எனக்கு அவமானமாக இருந்தது.

இதே இனத்தில் ஜப்பானில் தருமா இருக்கிறார், போதிதர்மரின் உருவம். போதிதர்மர் தமிழ்நாட்டுக்காரர் என்பவர்கள் அவரையும் சொந்தம் கொண்டாடலாம். நான் அந்தச் சண்டைக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்து சிமெண்டைச் செதுக்கி எடுத்தேன். அதற்குள் மேல் உடம்பே அடியிலிருந்து கழன்றுவிட்டது. அதுவும் நல்லதுக்குத்தான். இரண்டையும் தனித்தனியாகச் சமையலறைத் தராசில் வைக்க முடிந்தது. அடி மண் 240 கிராம், குறுக்களவு 8 சென்டிமீட்டர். மேல் காகிதம் 38 கிராம். சிமெண்டோடு அது 95 கிராம் இருந்திருக்கிறது.

கணக்கு இது. சீரான அரைக்கோளத்தின் எடை மையம் அதன் தட்டையான முகத்துக்குக் கீழே, ஆரத்தில் எட்டில் மூன்று பங்கில் இருக்கும். ஆரம் 4 சென்டிமீட்டர் என்றால் 1.5 சென்டிமீட்டர் கீழே. 240ஐ 1.5ஆல் பெருக்கினால் 360. மேல் உடம்பின் எடை மையம் அந்த முகத்துக்கு மேலே சுமார் 6 சென்டிமீட்டரில். 60 கிராம் இருந்தால் 60 பெருக்கல் 6, அதுவும் 360. அதாவது மேலே 60 கிராம் வந்துவிட்டால் பொம்மை எழவும் செய்யாது, விழவும் செய்யாது, எப்படி வைத்தாலும் அப்படியே இருக்கும். அதற்கு மேல் போனால் படுத்துவிடும். 38 என்றால் துள்ளி எழும். என் சிமெண்டு ராஜா எழுவதற்கு வழியே இல்லை.

“அடியிலே கனம் வைத்தால் பொம்மை எழும்” என்று பள்ளிப் புத்தகம் முதல் வாத்தியார் வரை எல்லாரும் சொல்கிறார்கள். தப்பில்லை. ஆனால் களிமண்ணை உருட்டி அடைக்க யாராலும் முடியும். கால் கிலோ மண்ணுக்கு மேலே, மூக்கும் மீசையும் கிரீடமும் வைத்த ஓர் ஆளை 60 கிராமுக்குள் நிறுத்த வேண்டும். அதுவும் பிள்ளைகள் தட்டினால் தாங்க வேண்டும். பொம்மைக்காரரின் கைத்திறன் முழுக்க இங்கேதான் இருக்கிறது. ஒரு தாள் கூடப் போனால் சோம்பேறி ராஜா, ஒரு தாள் குறைந்தால் நசுங்கும் ராஜா. அந்தப் பிள்ளையின் கணக்கு நோட்டைப் பழைய பேப்பர் கட்டிலிருந்து எடுத்தவருக்கு, எத்தனை தாள் போதும் என்பது விரலுக்கே தெரிந்திருந்தது.

எடையைக் கீழே கட்டிப்போட்டால் விழாத பொம்மை. எடையை ஓடவிட்டால்? விழுந்துகொண்டே இருக்கும் பொம்மை கிடைக்கும். ராஜாவின் தலைகீழ்ச் சொந்தம் அது, கரணம் போடுகிற பொம்மை. சீனாவில் பிறந்தது. மரத்தால் ஒரு சின்ன ஆள். உடம்புக்குள் ஒரு குழாய், அதில் பாதரசம். படிக்கட்டின் மேல் படியில் நிறுத்திப் பின்னுக்குச் சாய்த்தால், பாதரசம் தலைப் பக்கம் ஓடும். தலை கனத்துக் கைகள் கீழ்ப் படியில் ஊன்றும். கால்கள் தலைக்கு மேலே போகும். இப்போது பாதரசம் கால் பக்கம் ஓடும், கால் அடுத்த படியில் இறங்கும். கையையும் காலையும் கட்டிய நூல்கள் ஒவ்வொரு கரணத்திலும் அவற்றைச் சரியான கோணத்தில் பிடித்துக்கொள்ளும். படி முடியும் வரை ஆள் ஓய மாட்டான்.

லைடன் பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர் பீட்டர் வான் முஸ்ஸன்புரூக் இந்தச் சீனக் கழைக்கூத்தாடியைப் பற்றி எழுதியது, அவர் இறந்த மறுவருஷம், 1762இல் வெளிவந்த நூலில் இருக்கிறது. மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் லைடன் ஜாடியோடு பெயர் சேர்ந்த அதே மனிதர். பொம்மையை மட்டமாக நினைக்காத பேராசிரியர். ஜப்பானில் ஹொசோகாவா ஹான்ஸோ 1796இல் வெளியிட்ட ‘கரக்குரி ஸுயி’ என்ற நூலில் தேநீர் கொண்டுவரும் பொம்மையோடு இந்தப் படியிறங்கும் பொம்மையின் உள்ளமைப்பும் படம்போட்டு விளக்கப்பட்டிருக்கிறது. பட்டறைக்காரர்கள் ரகசியமாக வைத்திருந்ததை, யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கட்டும் என்று திறந்துவைத்த நூல் அது.

மருந்துக்கடைப் பெரியவரிடம் அந்தப் பொம்மை கிடையாது. ஆனால் அவரும் நானும் சின்ன வயதில் அதன் ஏழைத் தம்பியை ஐந்தடி நடைபாதையில் ஓடவிட்டிருக்கிறோம், அவர் காலத்தில் அவர், என் காலத்தில் நான். பாதரசத்துக்குப் பதில் கோலிக்குண்டு, மலாயில் குலி. அலுமினியத் தாளைக் கோலியைச் சுற்றித் தளர்வாகக் குழாய் போலச் சுருட்டி, இரண்டு முனையையும் லேசாக மடக்கிக்கொள்ளுங்கள். நீளம் கோலியைப் போல இரண்டு மடங்கு இருக்கட்டும். அதை மைலோ டின்னுக்குள் போட்டு மூடி ஒரு நிமிஷம் குலுக்குங்கள். உள்ளே கோலி முட்டி முட்டி இரண்டு முனையும் மாத்திரை போல உருண்டுவிடும். ஒரு பலகையில் பழைய சாரோங் துணியை விரித்துச் சரிவாக வையுங்கள். துணி இல்லாவிட்டால் வழுக்கிக்கொண்டு போய்விடும். மேலே விட்டால், கோலி கீழ்முனைக்கு ஓடி இடிக்கும். அந்த வேகத்தில் மறுமுனை எழுந்து தலைக்கு மேல் புரளும், கோலி மறுபடி ஓடும். உயிருள்ள புழு போல இறங்கும். சரிவு அதிகமானால் உருண்டோடும், குறைந்தால் யோசித்துக்கொண்டு நிற்கும். சரியான சாய்வைக் கண்டுபிடிப்பதில் ஒரு மத்தியானம் போகும். போகட்டும். பாதரசத்தை மட்டும் வீட்டில் தொடாதீர்கள். அதன் ஆவி விஷம்.

கொலுவின் முதல் நாள் ராஜா படியில் இல்லை. மகள் கேட்டாள், “அப்பா, ராஜா எங்க?” ஆஸ்பத்திரியில் என்றேன். மூன்றாம் நாள் வரை வேலை ஓடியது. மரவள்ளி மாவு மார்க்கெட்டிலேயே கிடைத்தது. மயில்துத்தத்தைப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கலக்க மனம் வரவில்லை. காகிதத்துக்கு அப்பா கட்டிவைத்திருந்த பழைய ‘தமிழ் நேசன்’ கட்டை அவிழ்த்தேன். 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன பத்திரிகை. தாளும் மெல்லியது, பசையில் நன்றாக வளைந்தது. பலூனை ஊதி அமுங்கிய இடத்துக்குள் விட்டுத் தாங்குகொடுத்து, மேலே நான்கு அடுக்கு. பலூனை உடைத்து உருவிவிட்டேன். காது என் கையில் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. ஒவ்வொரு அடுக்குக்கும் தராசு. வண்ணம் பூசி முடித்து, அடி மண்ணோடு ஒட்டுவதற்கு முன் கடைசியாக நிறுத்தேன்: 44 கிராம்.

கழித்தல் கணக்கின் மேல் நான் தாள் ஒட்டவில்லை. அது இருந்த இடத்திலேயே, உள்பக்கம் பார்த்தபடி இருக்கிறது.

உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியிலும் தலை அமுங்கிய ஒரு ராஜாவோ ராணியோ கிடக்கலாம். தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சிமெண்டு பூசாதீர்கள், பிளாஸ்டர் பூசாதீர்கள், களிமண் வைக்காதீர்கள். மெல்லிய பழைய காகிதமும் கிழங்குப் பசையும் போதும். ஒவ்வொரு தாள் ஒட்டியதும் காயவிட்டு ஒருமுறை சாய்த்துப் பாருங்கள். எழுகிற வரைக்கும்தான் ஒட்டலாம்.